இரண்டாவது குடம்

தேசம்மா அத்தைக்கு அநியாயம் செய்தவர்கள் யார் யார் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். கசிகிற வால்வை மாற்றாமல் அமில டேங்கர் லாரியை அனுப்பி வைத்தவர்கள், அந்த அமிலம் போய்ச் சேர வேண்டியிருந்த கம்பெனி, விசாரிக்க வந்து ஒரு டீ குடிக்கும் நேரம்கூட எங்கள் தெருவில் நிற்காமல் போன அதிகாரி, கடைசியாக எங்கள் தெருவே. செய்தது என்ன என்றால் ஒரே ஒரு வாக்கியம். "டிபன் கடை நடத்தும் தேசம்மாள் என்பவர் அறியாமையால் மீண்டும் மீண்டும் தண்ணீர் ஊற்றியதே நச்சுப்புகை பெருகியதற்குக் காரணம்." பொங்கலுக்குப் பிறகு வரைவு அறிக்கை வந்த நாளிலிருந்து இது என்னை விடாமல் குத்துகிறது, பல் விளக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது, பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ படிக்கும்போது, இப்போது இந்தப் பந்தலுக்கடியில் சூடேறிய பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும். எதிரே "அவசரகால ஒத்திகை" என்று பேனர் கட்டியிருக்கிறார்கள், கம்பெனி செலவில் எல்லோருக்கும் மோர் பாக்கெட், முன்வரிசையில் துணியுறை போட்ட நாற்காலியில் சப் கலெக்டர். ஒத்திகை முடிந்ததும் மக்கள் கேள்வி கேட்கலாம், இன்று பதிவாகிறதை வைத்துத்தான் அறிக்கை இறுதியாகும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் இன்று அந்த வாக்கியத்தை அடிக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் அது அத்தையின் ஆயுளுக்கும் நிற்கும். நான் விடப்போவதில்லை. என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பின்வரிசையிலிருந்து செண்பகம் அக்கா என் தோளைத் தட்டி, "இன்னா கொடி, உதடு ஆடிக்கினே கீது, மைக்கு வந்ததும் பேசலாம், இப்பவே தீத்துடாதே" என்கிறாள். சிரிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் இதே செண்பகம் அக்கா ஐப்பசியிலிருந்து அத்தையிடம் இட்லி வாங்குவதில்லை.

அன்றைக்கு ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள். நான் தெருவில் இல்லை, பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் வகுப்பில் இருந்தேன், எதிரில் கடல், ஜன்னல் வழியாக உப்புக்காற்று. எடுகோள் தவறென்றால் அதன்மேல் கட்டியது எதுவும் நிற்காது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்ததைக் காப்பி பண்ணிக்கொண்டிருந்தேன், எம்.ஏ. தத்துவம் படித்து என்னடி பண்ணப்போறே என்று அப்பா கேட்டால் இதைத்தான் சொல்வேன், எவனும் என்னை ஏமாத்த முடியாது. அன்று நடந்ததெல்லாம் ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்குள் நானே பார்த்தது மாதிரி ஓடுகிறது. காலையில் தண்ணி லாரி வந்து போயிருந்தது, அத்தையின் கடை வாசலில் நீலமும் பச்சையுமாக நிறைந்த குடங்கள் நின்றன, இன்னும் உள்ளே தூக்கிப்போகவில்லை. அப்புறம் முனையில், தண்ணி லாரி எப்போதும் நிற்கிற அதே இடத்தில், இன்னொரு டேங்கர் வந்து நின்றது. பிரேக் சத்தம் கேட்டதும் பாதித் தெரு காலிக் குடத்தோடு ஓடியிருக்கிறது, ரெண்டாவது டிரிப் வந்துட்டான்டி என்று. வேறு எந்த ஊரிலாவது அமில லாரியை நோக்கிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடுவார்களா, பட்டாணித்தோப்பில்தான் ஓடுவார்கள், ஏனென்றால் எங்களுக்குத் தண்ணீரும் டேங்கரில்தான் வருகிறது, விஷமும் டேங்கரில்தான் வருகிறது, பின்பக்கத்துக் குழாயும் அதே மாதிரிதான் சொட்டுகிறது. "பொதுமக்கள் வேடிக்கை பார்க்கக் கூடியதால்" என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது, வேடிக்கையா, தாகம் ஐயா, தாகம். இதை முதலில் சொல்ல வேண்டும். இல்லை, முதலில் பலகையைச் சொல்ல வேண்டும். லாரியின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பலகை இருக்கும், உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லும் எண்ணும் ஆபத்துப் படமும் அதில் இருக்கும், அந்தப் பலகையின் மேலேயே அந்தப் பூஜையில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழ மாலையைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கம்பெனியின் தீயணைப்பு வண்டிக்காரர்களுக்கே அது என்ன அமிலம் என்று தெரியவில்லை, அந்தக் கம்பெனிக்குத் தினமும் ஏழெட்டு விதமான லாரி வருகிறது. அவர்களும் குழாயைத் திருப்பித் தண்ணீரைத்தான் பீய்ச்சினார்கள், புகை பனைமர உயரம் எழும்பிய பிறகு நிறுத்தினார்கள். அது அறிக்கையில் "குளிர்விக்கும் முயற்சி". அத்தை ஊற்றினால் அறியாமை. ஒரே தண்ணீர், ஒரே ரோடு, ஒரே புகை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் முயற்சி, முந்தானை தொங்கினால் அறியாமை. இதைச் சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது, நடுங்கினால் பொம்பளை அழுதுடுவா என்று பார்ப்பார்கள்.

ஓலியம் என்று அதற்குப் பெயர். கந்தக அமிலத்திலேயே மூர்க்கமான வகை, மூடியைத் திறந்தாலே புகையும், தண்ணீர் பட்டால் கொதித்துச் சீறும். எனக்கும் அப்புறம்தான் தெரியும், ராத்திரி பகலாகப் படித்துத் தெரிந்துகொண்டேன், உலர்ந்த மணலை அணையாகக் கொட்ட வேண்டும், காற்றுக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும், இப்போது என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எங்கள் தெருவில் கீழே என்ன கொட்டினாலும் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழக்கம், எண்ணெய், சாக்கடை, லாரிகள் சிந்திவிட்டுப் போகிற பேர் தெரியாத கறுப்புக் குழம்பு, எல்லாவற்றுக்கும் ஒரு குடம் தண்ணீர், ஒரு விளக்குமாறு. யாரும் வந்து வேறு மாதிரி சொன்னதில்லை. ஆகவே முதல் எடுகோள், சொல்லப்படாத ஒன்றை ஒருத்தி அறிந்திருக்க முடியாது. இரண்டாவது, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆகவே அவள் அறியாமைக்கு அவள் பொறுப்பல்ல. பழுதில்லாத வாதம். இவ்வளவு தூரம் சரியாக வந்துவிடுகிறேன், ஒவ்வொரு முறையும், வந்து அந்த ஒரு வார்த்தையில் கால் தடுக்கி விழுகிறேன். மீண்டும் மீண்டும். ஒரு குடம் ஊற்றினாள், சீறியது, வெள்ளையாகப் புகை முகத்தில் அடித்தது, எல்லோரும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அத்தை ஏன் திரும்பிக் கடை வாசலுக்குப் போய் இன்னொரு குடத்தை எடுத்தாள். ஏன் இன்னொன்று. புகையை அவள் பார்த்தாள்தானே. பதற்றம் என்று சொல்லலாம், கை தன்னாலே செய்துவிட்டது என்று சொல்லலாம், ஆனால் தேசம்மா அத்தை பதறி நான் பார்த்ததில்லை, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தபோதுகூட, "யாரும் நவுராதீங்க" என்று அதட்டிவிட்டு அடுப்பை அணைத்தவள். அவளிடமே கேட்கலாம். எல்லோரும் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், போலீஸ் கேட்டது, அப்பா கேட்டார், அக்கா நீ இன்னாத்துக்கு திரும்பத் திரும்பப் போய் ஊத்துனே என்று, அத்தை கையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல்நாண் வெந்துவிட்டது, பேசினால் சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், முன்பெல்லாம் "சூடா பொங்கல்" என்று அவள் கடையிலிருந்து குரல் கொடுத்தால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். குரல் இல்லாததால் பேசவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். எனக்குள்ளே, வெட்கத்தால் பேசவில்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதனால்தான் நானும் கேட்கவில்லை. புண்ணை நோண்டுவானேன். அவளுக்குப் பதிலாக நான் பேசிவிடுகிறேன்.

எதிர்வரிசையில் காதர் பாய் வந்து உட்காருகிறார், மருமகள் மும்தாஜ் அக்கா சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், மூக்கில் குழாய். அன்று புகை சாய்ந்து போனது அவர்கள் வீட்டுப் பக்கம். நாற்பது வருஷம் இந்த ரோட்டில் சைக்கிள் பஞ்சர் ஒட்டியவர், இப்போது கழிவறைக்குப் போய் வந்தால் உட்கார்ந்து இளைக்கிறார். ரம்ஜானுக்கு அத்தை தூக்குச் சட்டியில் இட்லி கொடுத்து அனுப்பினாள், மூடி திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது. மும்தாஜ் அக்கா எங்கள் பக்கம் பார்ப்பதில்லை. அத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அந்தக் குழாயை, சிலிண்டரின் மேலே துடிக்கிற முள்ளை. கம்பெனிச் சங்கு ஊதுகிறது. அன்றைக்கு இந்தச் சங்கு எல்லாம் முடிந்து அப்புறம்தான் ஊதியது என்று ஞாபகம் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு காலி டேங்கர் மெதுவாக வந்து முனையில் நிற்கிறது, பின்பக்கம் பளபளவென்று புதுப் பலகை, பொட்டுக்கூட இல்லை. கீழே சுண்ணாம்புத் தண்ணீரைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், ஒருவர் புகைக்குப்பியைப் பற்றவைக்கிறார். மைக்கில் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, மடிப்புக் கலையாத சட்டை, மேடைக்குப் பழகிய குரல், "பொதுமக்களே, இப்போது செய்யக் கூடாததை முதலில் காட்டுகிறோம்" என்கிறார். கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் வருகிறார், பேன்ட்டின் மேலேயே புடவையைச் சுற்றியிருக்கிறார், தலையில் துண்டு, இடுப்பில் பச்சைப் பிளாஸ்டிக் குடம். நடை ஒரு மாதிரி, வேண்டுமென்றே இடுப்பை ஆட்டுகிற நடை. பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவர் குடத்தைக் கவிழ்க்கிறார், இன்னொருவர் புகையைக் கூட்டுகிறார், இவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, திரும்பி வந்து மறுபடி கவிழ்க்கிறார், சிரிப்பு இன்னும் கூடுகிறது. "பார்த்தீர்களா, இப்படி ஒருவர் செய்த தவறால்" என்கிறது மைக். பின்னால் செண்பகம் அக்கா, "தேசம்மா, உன்னியவிட அவன் ஷோக்கா ஊத்துறான்" என்கிறாள், சொல்லிவிட்டு அவளுக்கே என்னவோ போலிருக்க வேண்டும், நாக்கைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. எனக்குக் காது இரண்டும் கொதிக்கிறது. எழுந்து அந்தப் புடவையைப் பிடித்து உருவ வேண்டும். எழுந்தேவிட்டேன். அத்தையின் கை என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைக்கிறது, மாவாட்டிய கை, இரும்பு. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து மெல்லப் பார்க்கிறேன். அழவில்லை. கூத்துப் பார்க்கிறவள் மாதிரிகூட இல்லை, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள் மாதிரி, எங்கே தப்பு என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளை முழுவுடுப்பு போட்டவர்கள் விண்வெளிக்காரர்கள் மாதிரி இறங்குகிறார்கள், மணல் மூட்டையை அடுக்கி அணை கட்டுகிறார்கள், ஒருவர் கம்பத்தில் கட்டிய துணிப்பையைக் காட்டி, காற்று இந்தப் பக்கம் போகிறது, நீங்கள் அந்தப் பக்கம் ஓடக் கூடாது, குறுக்கே விலகுங்கள் என்கிறார். நன்றாகத்தான் செய்கிறார்கள், அதுதான் எரிச்சலே, இவ்வளவும் தெரிந்த நீங்கள் அன்றைக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து இதைக் காட்டியிருந்தால். மனசு மறுபடி வாதத்துக்கு ஓடுகிறது, முதலில் தாகம், அப்புறம் பலகை, அப்புறம் சங்கு, அப்புறம் தீயணைப்பு வண்டி, இறுதியில் அறியாமை. மீண்டும் மீண்டும் என்பதற்குள் போகவே கூடாது. யாராவது அதைக் கேட்டால் வேறு பக்கம் திருப்ப வேண்டும். கேட்காமலிருக்க வேண்டும். மைக் தொடர்கிறது, "ஒருவேளை அமிலம் உடம்பில் பட்டுவிட்டால் யோசிக்கவே கூடாது, ரோட்டில் ஊற்றக் கூடாத அதே தண்ணீரை உடம்பில் ஊற்றியே ஆக வேண்டும், கொஞ்சமாக அல்ல, நிறைய, விடாமல்." ஸ்ட்ரெச்சரில் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள், கேன்டீன்காரர் போலிருக்கிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு காயம் பட்டவராகப் படுத்திருக்கிறார், ஒரு குழாய்க்கு அடியில் வைத்து அவர் காலில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மணிக்கட்டில் அத்தையின் பிடி இறுகுகிறது. வலிக்கிறது. ஐயோ, தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டாலே இவளுக்கு இப்படி ஆகிறதே என்று நினைக்கிறேன், அவள் கையின் மேல் என் இன்னொரு கையை வைக்கிறேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, "ஓட்டுநர் கால்களில் காயங்களுடன் மீட்கப்பட்டார்", ஏனோ அது ஒரு கணம் வந்து போகிறது. நெல்லூர்ப் பக்கத்து ஆள், வால்வை இறுக்கக் கீழே இறங்கியவர், ஊருக்குப் போய்விட்டார், அதோடு அவர் கதை முடிந்தது. நடுவில் மைக் கைமாறுகிறது. கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாமாம். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறேன்.

"என் பேர் பொற்கொடி, தேசம்மாளோட தம்பி மகள்" என்று ஆரம்பிக்கிறேன், குரல் நடுங்கவில்லை. தாகத்தைச் சொல்கிறேன், பலகையைச் சொல்கிறேன், சந்தனம் என்றதும் யாரோ சிரிக்கிறார்கள், சப் கலெக்டர் சிரிக்கவில்லை, பேனாவை எடுக்கிறார். சங்கைச் சொல்கிறேன். தீயணைப்பு வண்டி என்றதும் பாதுகாப்பு அதிகாரி கையைத் தூக்குகிறார், நான் நிறுத்தவில்லை, முயற்சிக்கும் அறியாமைக்கும் நடுவில் ஒரு அடையாள அட்டைதான் இருக்கிறதா என்று கேட்கிறேன், பின்வரிசையில் செண்பகம் அக்கா கைதட்டுகிறாள், நாலைந்து பேர் சேர்ந்து தட்டுகிறார்கள். சொல்லித் தராததை எங்க அத்தை எப்படித் தெரிஞ்சிருக்க முடியும், அந்த வாக்கியத்தை நீக்குங்க. முடித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே ஒன்று துள்ளுகிறது. பாதுகாப்பு அதிகாரி என்னைப் பாராட்டுகிற மாதிரி தலையை ஆட்டுகிறார். "நல்லாப் பேசறீங்கம்மா. முதல் தடவை தெரியாம ஊத்தினாங்க, ஒத்துக்கிறேன், எழுதியும் வைக்கலாம். ஆனா புகை வந்ததைப் பார்த்த பிறகு திரும்பப் போய் ஊத்தியிருக்காங்க. அது எப்படி அறியாமை? நீங்களே சொல்லுங்க, ரெண்டாவது தடவை ஏன் ஊத்தினாங்க?" தடுக்கிவிட்டது. அதே இடம். அதே கல். பதற்றம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், பொய் என்று எனக்கே தெரிகிறது. சப் கலெக்டர் பேனாவோடு காத்திருக்கிறார், மும்தாஜ் அக்கா முதன்முறையாக எங்கள் பக்கம் பார்க்கிறாள். சிலிண்டரின் உஸ்ஸென்ற சத்தம்கூடக் கேட்கிறது. அப்போது என் கையிலிருந்த மைக் மெதுவாக உருவப்படுகிறது. அத்தை. எழுந்து நிற்கிறாள், முந்தானையை இடுப்பில் செருகுகிறாள், கடை திறக்கும்போது செருகுவது மாதிரி. வேணாம் அத்தை, நான் பாத்துக்கறேன் என்று அவள் காதருகே சொல்கிறேன். "நீ குந்து பாப்பா" என்கிறாள். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்கிறாள், மூச்சே பெரிதாகக் கேட்கிறது, முதலில் அதிகாரியைப் பார்க்காமல் காதர் பாயைப் பார்க்கிறாள். சாக்கைக் கிழிக்கிற அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போடுகிறது, பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது.

"பாய், உனுக்கும் சேத்துதான் சொல்றேன். மொத கொடம் தெரியாம ஊத்துனது. ரெண்டாவது கொடம் தெரிஞ்சேதான் சார் ஊத்துனேன், பொகை வரும்னு தெரிஞ்சேதான். அந்த டிரைவரு பொகைக்குள்ள கெடந்தான், காலு ரெண்டும் வெந்துகினு இருந்துச்சு, அவன் மேலதான் ஊத்துனேன்."